பாதியில் நின்ற முள்

அன்று காலையிலேயே அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. டாஷ்போர்டுக்கு அடியில் உடம்பை மடக்கிப் படுத்து முப்பது வருஷம் வேலை பார்த்தவர்களுக்கு வந்து சேருகிற இடுப்பு. மனைவி வெந்நீரில் துணியைப் பிழிந்து ஒத்தடம் கொடுத்தாள்.

"இன்னிக்கு ஒரு நாள் போகாட்டி என்னங்க? ஷெட்டு ஓடியா போயிடும்?"

"ஷெட்டு ஓடாது. வண்டிக்காரங்க ஓடிடுவாங்க."

அவர் கார்களுக்கு எலக்ட்ரிக் வேலை பார்ப்பவர். ஒல்லியான உயரமான ஆள். தலையில் பேருக்குக்கூட முடி கிடையாது. ஒயர் நுனியில் சின்ன பல்பு மாட்டிய டெஸ்ட் லைட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் நிற்கும்போது இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது என்று அவருடைய மச்சினன் ஒரு நாள் சொல்லிவைத்தான். அன்றிலிருந்து அந்தத் தெருவுக்கே அவர் டெஸ்ட் லைட் ஆகிவிட்டார். மச்சினன், மனைவியின் தம்பி, அதே ஷெட்டில் என்ஜின் வேலை பார்ப்பவன். வாய் கொஞ்சம் நீளம். வேலை சுத்தம்.

டெஸ்ட் லைட்டிடம் ஒரு பழக்கம் உண்டு. வண்டி வந்ததும் பானெட்டைத் திறக்கமாட்டார். எப்போது நடந்தது, எந்த ரோட்டில் நடந்தது, யார் ஓட்டினார்கள் என்று மூன்று கேள்வி கேட்பார். பதிலைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். அவசரக்காரர்கள் எரிச்சல்படுவார்கள். ஆனால் பாதிக் கோளாறை அவர் அங்கேயே நின்றபடி பிடித்துவிடுவார் என்பதும், இல்லாத கோளாறை இருப்பதாகச் சொல்லமாட்டார் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அந்தப் பெயரைச் சம்பாதிக்க அவருக்கு முப்பது வருஷம் ஆயிற்று. அதற்கு அவர் தகுதியானவர்தானா என்ற சந்தேகம் அவருக்கே வந்து பதினாலு மாதம்தான் ஆகிறது.

பதினாலு மாதத்துக்கு முன்னால் முள்ளு சார் என்று ஒருவர் ஷெட்டுக்கு அடிக்கடி வந்துகொண்டிருந்தார். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்து ரிட்டயர் ஆனவர். காலமெல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்த கண் அவருடையது. காரின் டெம்பரேச்சர் முள் சரிபாதியில் நிற்காமல் பாதிக்கு மேல் ஒரு நூல் ஏறி நிற்கிறது என்பதுதான் அவருடைய புகார். நாலு மாதத்தில் பதினோரு தடவை வந்தார். டெஸ்ட் லைட் சென்சாரை மாற்றிப் பார்த்தார். மச்சினன் தெர்மோஸ்டாட்டை மாற்றிப் பார்த்தான். தண்ணீரின் சூட்டை அளந்து பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. அந்த வண்டியின் முள் நிற்கிற இடமே அதுதான்.

"சார், அதோட குணம் அது. சில பேருக்கு நடக்கும்போது தலை ஒரு பக்கம் சாயும் பாருங்க, அந்த மாதிரி."

"சாயுதுன்னா ஏதோ காரணம் இருக்கும்ல தம்பி?"

அந்த மாதம் டெஸ்ட் லைட்டின் அப்பா வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அவரைத் திருப்பிப் போடுவதும் துடைப்பதும் மருந்து கொடுப்பதுமாக அவரும் மனைவியும் முறை வைத்து விழித்தார்கள். பகலில் ஷெட்டில் நின்றுகொண்டே அவருக்குக் கண் சொருகும். அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் பன்னிரண்டாவது தடவையாக அந்தக் கார் வாசலில் வந்து நின்றது. வண்டியை விட்டுவிட்டுப் போங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தார். சார் தெருமுனை திரும்பியதும் டாஷ்போர்டுக்கு அடியில் படுத்து, மீட்டருக்குப் போகிற ஒயரை வெட்டி, நடுவில் மிளகு அளவு ஒரு ரெசிஸ்டரை வைத்து, டேப் சுற்றி மூடினார். கால் மணி நேர வேலை.

ரெசிஸ்டர் ஒயரில் வரும் கரண்டைக் கொஞ்சம் தடுக்கும். வண்டி குளிர்ந்திருந்தால் முள் கீழே கிடக்கும். ஓட ஓட ஏறும். பாதி வந்ததும் நின்றுவிடும். அதற்கு மேல் என்ஜின் எரிந்தாலும் ஏறாது. பார்க்கிறவர்களுக்கு ஒரு சந்தேகமும் வராது.

அடுத்த நாள் வண்டியை எடுத்துப்போன சார், தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஒரு டஜன் ஆரஞ்சுப் பழத்தோடு திரும்பி வந்தார். "சரிபாதி தம்பி. ஸ்கேல் வச்ச மாதிரி நிக்குது," என்றார். டெஸ்ட் லைட்டும் பழத்தை வாங்கிக்கொண்டார். அடுத்த தடவை சார் வரும்போது அதை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். ஆனால் முள் நேராக நிற்கும்போது சார் எதற்கு வருவார்? அப்பா போனார், காரியங்கள் முடிந்தன, மழை வந்து போயிற்று. சார் வரவேயில்லை.

இடுப்பு பிடித்துக்கொண்ட அந்தக் காலையில் டெஸ்ட் லைட் ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் அந்தக் கார் நின்றிருந்தது.

சார் மெலிந்திருந்தார். சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் சின்ன நோட்டைக் காணோம். அந்த நோட்டில்தான் முள் நின்ற இடத்தைத் தேதி போட்டுக் குறித்துக்கொண்டு வருவார்.

"எப்போ சார் நடந்துச்சு?" பழக்கம், கேட்டுவிட்டார்.

"போன சனிக்கிழமை. மலை ரோட்டுல. நான்தான் ஓட்டினேன்." மூன்று கேள்விக்கும் சேர்த்து அவரே பதில் சொன்னார். "பையன் பக்கத்துல, பேத்தி பின்னால. ஆறாவது வளைவுல பானெட்லேர்ந்து புகையா வந்துச்சு. தண்ணி கொதிச்சு வெளிய வந்துடுச்சு. ஃபேன் ஓடவே இல்லைன்னு அங்க வந்த ஒரு லாரி டிரைவர் சொன்னாரு."

டெஸ்ட் லைட்டின் பார்வை டாஷ்போர்டுக்குப் போய்த் திரும்பியது. "யாருக்கும் ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல. குழந்தைதான் பயந்துட்டா." சார் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "முள்ளைப் பாக்கலையாப்பான்னு பையன் கேட்டான். பாத்தேன். நடுவுலதான் நின்னுச்சு. அதைச் சொன்னா அவன் நம்பலை. தண்ணி கொதிக்கிறப்ப முள்ளு எப்படி நடுவுல நிக்கும்னான். அவன் எட்டிப் பாக்குறதுக்குள்ள நான் சாவியை ஆஃப் பண்ணிட்டேன், முள்ளு விழுந்துடுச்சு. இப்ப கண் டாக்டர்கிட்ட வாப்பாங்கிறான். அப்புறம் தலையையும் ஒரு ஸ்கேன் எடுத்துடலாங்கிறான். வண்டியை வாங்க ஆள் பாத்துட்டான் தம்பி. நீங்க சரி பண்ணிக் குடுத்தா நாளைக்கு வந்து எடுத்துட்டுப் போயிடுவாங்க."

"நீங்க ஓட்டலையா இனிமே?"

"ஓட்டக்கூடாதுன்னுட்டான். அவன் சொல்றதும் சரிதானே. குழந்தையை வச்சுக்கிட்டு..."

வேலையில் இறங்கினால் யோசிக்க வேண்டியதில்லை என்று டெஸ்ட் லைட் பானெட்டைத் திறந்தார். ரேடியேட்டரின் அடியில் ஒரு ஸ்விட்ச் இருக்கும். தண்ணீர் நன்றாகச் சூடானதும் அது தானாகச் சேர்ந்து ஃபேனை ஓடவிடும். அதில் செருகியிருந்த கனெக்டரைப் பிடுங்கி, இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு துண்டு ஒயரைக் கொடுத்தார். ஃபேன் உடனே சுற்றியது. மோட்டார் நல்லது, ஃபியூஸ் நல்லது. மச்சினன் அடியில் பேசினை வைத்துத் தண்ணீரை இறக்கினான். ஸ்விட்சைக் கழற்றி, டீ போடும் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்து, அதன் மூக்கைத் தண்ணீரில் தொங்கவிட்டார்கள். மறுமுனைகளை பேட்டரியோடும் டெஸ்ட் ஒயரில் மாட்டிய பல்போடும் இணைத்தார்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. பல்பு எரியவில்லை.

"செத்துப்போச்சு மாமா," என்றான் மச்சினன். "இனிமே இந்தப் பாத்திரத்துல டீ போட்டா அக்காகிட்ட சொல்லிடாதீங்க."

பிறகு அவன் என்ஜினை ஆராய்ந்தான். ஆயில் டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தான், பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தான். ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை. நேரத்துக்கு நிறுத்தியதால் என்ஜின் பிழைத்தது என்றான். டெஸ்ட் லைட்டுக்குப் பாதி உயிர் வந்தது. கடையிலிருந்து புது ஸ்விட்ச் வாங்கிவந்து மாட்டினார். தண்ணீர் ஊற்றினால் முடிந்தது. சாயங்காலம் சார் கிளம்பியதும், இல்லையென்றால் கிளம்புவதற்குள் ஐந்து நிமிடம் கிடைத்தால், அந்த ரெசிஸ்டரை எடுத்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. நாளைக்கு வண்டியே கைமாறப்போகிறது.

சாருக்குத்தான் வண்டியோடு சேர்ந்து தன் கண்மேல் இருந்த நம்பிக்கையும் கைமாறிப்போயிருக்கும். அதை அவர் நினைக்காமல் இல்லை. நினைத்தபடியே ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். உண்மையைச் சொல்வதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறதே, அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை.

"இருங்க மாமா," என்று மச்சினன் குறுக்கே வந்தான். "தண்ணி கொதிச்சப்ப முள்ளு நடுவுல நின்னுச்சுன்னு சார் சொல்றாரு. மீட்டர் பொய் சொல்லுதா, சார் பொய் சொல்றாரான்னு பாத்துடலாம்."

"வேண்டாம்டா. ஸ்விட்சுதான் கோளாறுன்னு தெரிஞ்சுபோச்சுல்ல."

"ஒரு நிமிஷம். வித்த பிறகு வாங்கின ஆளு வந்து என் கழுத்தைப் பிடிப்பான்." அவன் அதற்குள் சென்சாரிலிருந்து ஒயரைப் பிடுங்கிவிட்டான். "உள்ள உக்காந்து சாவியைப் போடுங்க. நான் ஒயரை என்ஜின் பாடியில வைக்கிறேன். முள்ளு உச்சிக்கு ஏறணும். ஏறுச்சுன்னா மீட்டர் பத்தரைமாத்துத் தங்கம்."

டெஸ்ட் லைட் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். இடுப்பு சுரீரென்றது. சாவியைப் போட்டார். பானெட் தூக்கியிருந்ததால் மச்சினனின் முகம் தெரியவில்லை.

"வச்சிருக்கேன் மாமா. என்ன ஆச்சு?"

முள் எழுந்தது. கீழேயிருந்து பாதிவரை வந்தது. அங்கே நின்றது.

"மாமா?"

"ஏறிடுச்சு," என்றார்.

"உச்சிக்கா?"

"உச்சிக்கு."

"அப்ப மீட்டர்ல குத்தம் இல்ல. சார், கோவிச்சுக்காதீங்க, நீங்க பெட்ரோல் முள்ளைப் பாத்துட்டு டெம்பரேச்சர்னு நெனச்சுட்டீங்க போல." அவன் சிரித்தான்.

சார் ஜன்னல் ஓரமாக நின்று உள்ளே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அங்கே நிற்பதை டெஸ்ட் லைட் கவனித்திருக்கவில்லை.

"நடுவுல நிக்கிற மாதிரி இருக்கே," என்றார் சார். மெதுவாகத்தான் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்து, போட்டுக்கொண்டு, மறுபடி குனிந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். மறுபடியும் கழற்றினார். இந்தத் தடவை துடைக்கவில்லை. மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார். "இல்ல, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் தம்பி. எனக்குத்தான் இப்பல்லாம்..."

பையன் சொன்னதை அவர் இத்தனை நாளாக முழுசாக நம்பவில்லை என்பது டெஸ்ட் லைட்டுக்கு அப்போதுதான் புரிந்தது. இப்போது நம்பிவிட்டார்.

"சார், கண்ணாடியைப் போடுங்க," என்றார். "நடுவுலதான் நிக்குது."

"என்னது?"

"நடுவுலதான் நிக்குது. நீங்க பாத்தது சரி. அன்னிக்கு மலையில பாத்ததும் சரி. அதுக்கு மேல ஏறாத மாதிரி நான்தான் பண்ணி வச்சேன்."

மச்சினன் ஒயரைப் பிடித்தபடியே பானெட்டுக்குப் பக்கத்திலிருந்து தலையை நீட்டினான்.

டெஸ்ட் லைட் சீட்டிலிருந்து இறங்கி, கீழே படுத்து, தலையை பெடலுக்கு மேலே நுழைத்தார். இடுப்பு போகட்டும் என்று விட்டுவிட்டார். டேப்பை அறுத்து ரெசிஸ்டரை எடுத்தார். ஒயரை ஒயரோடு சேர்த்தார். "வைடா," என்றார். மச்சினன் வைத்தான். முள் ஒரே தாவலாக உச்சிக்குப் போய் இடித்து நின்றது. சார் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்தார். ரெசிஸ்டரை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார்.

"எத்தனை நாளா இது?"

"பதினாலு மாசம்."

"நான் ஆரஞ்சுப் பழம் கொண்டாந்தேனே, அன்னிக்கா?"

"அதுக்கு முந்தின நாள்."

சார் யோசித்தார். "எதுக்கு தம்பி?"

அப்பா படுக்கையில் இருந்தார், தூங்கி நாலு நாள் ஆகியிருந்தது என்று சொல்லலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொன்னால் செத்துப்போன அப்பாவை இழுத்துக்கொண்டுவந்து தனக்கு முன்னால் நிறுத்துவதுபோல் ஆகிவிடும் என்று தோன்றியது.

"நீங்க திரும்பத் திரும்ப வராம இருக்கணும்னு."

சார் தலையை ஆட்டினார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பேத்தி பின்னால உக்காந்திருந்தா," என்று மட்டும் சொன்னார், ஷெட்டின் தரையைப் பார்த்து. பிறகு போனை எடுத்துப் பையனைக் கூப்பிட்டு நீட்டினார். "பையன்கிட்ட சொல்லுங்க."

டெஸ்ட் லைட் சொன்னார். முதலிலிருந்து, ஒன்றும் விடாமல். மறுமுனையில் பையன் கேட்டான்.

"அப்பா சொல்லச் சொன்னாராங்க?"

"இல்ல சார். நான்..."

"வண்டியை விக்கிறேன்னதிலேர்ந்து அவரு சரியா சாப்பிடலை. உங்களைக் கெஞ்சியிருப்பாரு, நீங்களும் பாவம்னு ஒத்துக்கிட்டிருப்பீங்க. எந்த எலக்ட்ரீஷியன் வேணும்னே மீட்டரைக் கெடுத்து வைப்பான்? புள்ளைக்குச் சொல்ற கதையை எனக்குச் சொல்றீங்க."

தப்பை மறைத்தால் நம்புகிறார்கள், ஒத்துக்கொண்டால் நம்பமாட்டேன் என்கிறார்கள். டெஸ்ட் லைட்டுக்குச் சிரிப்புக்கூட வந்திருக்கும், அவ்வளவு களைப்பாக இல்லாவிட்டால்.

"எழுதிக் குடுங்க," என்றார் சார். ஆயுள் முழுக்க ஆபீசில் இருந்தவர். காகிதத்தில் இல்லாதது நடக்காதது.

மச்சினன் ஸ்பேர் பார்ட்ஸ் பெட்டியிலிருந்த வெள்ளை அட்டையைக் கிழித்துக் கொடுத்தான். டெஸ்ட் லைட் பானெட்மேல் வைத்து எழுதினார். பத்தாவதைப் பாதியில் விட்டவர். எழுத்துக்கூட்டி எழுத நேரமாயிற்று. இந்த வண்டியின் டெம்பரேச்சர் மீட்டர் ஒயரில் நான் ரெசிஸ்டர் வைத்தேன். அதனால் முள் பாதிக்கு மேல் ஏறாது. வண்டி ஓட்டியவர் பார்த்தது சரி. கீழே தேதியும் கையெழுத்தும் போட்டார். ஷெட்டின் ரப்பர் ஸ்டாம்பையும் குத்தச் சொன்னார் சார். குத்தினார்.

"இதை நாலு பேர் பாத்தா உங்க தொழில் என்ன ஆகும்னு தெரியுமா மாமா?" என்று மச்சினன் காதோடு கேட்டான்.

"தெரியும்."

தண்ணீரை நிரப்பி என்ஜினை ஓடவிட்டார்கள். மூன்று பேரும் டாஷ்போர்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முள் மெல்ல ஏறியது. பாதியைத் தொட்டது. தாண்டி, ஒரு நூல் மேலே போயிற்று. ரேடியேட்டர் பக்கம் ஒரு சின்னச் சொடக்குச் சத்தம் கேட்டது. ஃபேன் சுற்றத் தொடங்கியது. முள் அதற்கு மேல் ஏறவில்லை.

"இதுதான் சார் இதோட இடம்," என்றார் டெஸ்ட் லைட். "இதுக்கு மேல போச்சுன்னா நிறுத்திடுங்க. யாரு என்ன சொன்னாலும் நிறுத்திடுங்க."

சார் அட்டையையும் ரெசிஸ்டரையும் ஒரு உறையில் போட்டு மடித்தார். வண்டியில் ஏறினார். கண்ணாடியில் பின்னால் பார்த்து, இரண்டு பக்கமும் பார்த்து, வழக்கமான ஆமை வேகத்தில் பின்னெடுத்தார். போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

கார் போனதும் மச்சினன் பொரிந்தான். "மீட்டர் போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சுபோயிருக்கும். அவருக்கும் நல்ல பேரு, உங்களுக்கும் நல்ல பேரு. இது தோணலையா உங்களுக்கு?"

தோன்றவில்லை. உண்மையாகவே தோன்றவில்லை. இப்போது கேட்கும்போது, அது எவ்வளவு சுலபமான வழி என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. தோன்றியிருந்தால் அதைத்தான் செய்திருப்போமா? அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடந்துபோகும்போது தன்னையே கேட்டுப் பார்த்தார். செய்திருப்பேன் என்றுதான் பதில் வந்தது. மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். இந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் சொல்லவில்லை. அவள், "அந்த மாசம் நாம மனுஷங்களாவே இல்லைங்க," என்று சொல்லிவிட்டு வெந்நீர் வைக்கப் போனாள்.

ஒரு மாதம் ஆயிற்று. சாரும் வரவில்லை, பையனும் வரவில்லை. வண்டி விற்றுப்போனதா என்று விசாரிக்க டெஸ்ட் லைட்டுக்கு வாய் வரவில்லை. ஒரு சனிக்கிழமை ரிலே வாங்கக் கடைத்தெருவுக்குப் போனவர், சிக்னலில் ரோட்டைக் கடக்க நின்றார். முதல் வரிசையில் அந்தக் கார் நின்றிருந்தது.

சார்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பையன் கையைக் கட்டிக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பின்சீட்டில் ஒரு சிறுமி ஜன்னலில் மூக்கை அழுத்தி வைத்துக்கொண்டிருந்தாள். டெஸ்ட் லைட் தன்னையறியாமல் கையைத் தூக்கினார். சார் திரும்பிப் பார்த்தார். அடையாளம் கண்டுகொண்டார் என்பது முகத்தில் தெரிந்தது. தலையசைக்கவில்லை. டாஷ்போர்டுப் பக்கம் குனிந்துகொண்டார்.

பச்சை விழுந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹாரனை அழுத்தினார்கள். சார் அசையவில்லை. பையன் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டுச் சும்மா இருந்தான். முள்ளைப் பார்த்து முடித்த பிறகுதான் சார் நிமிர்ந்து கியரைப் போட்டார். கார் மலை ரோட்டுப் பக்கம் திரும்பியது. டெஸ்ட் லைட் தூக்கிய கையை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ரோட்டைக் கடக்க அடுத்த சிவப்புக்காக நின்றார்.